ஊருக்கு ஓர் உணவு, உணவுக்கு ஓர் அறிவியல்

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் யாரையாவது சந்தித்தால், அங்கே சாப்பாடு எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்று உப்புக் கரிக்கிறது, இல்லாவிட்டால் புளிக்கிறது, அதுவும் இல்லாவிட்டால் ஒரு வாடை அடிக்கிறது" என்று பலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது முழுவதும் பொய்யல்ல. ஆனால் அந்த உப்பும் புளிப்பும் வாடையும் அவ்வுணவுகளில் ஏன் வந்து சேர்ந்தன என்று தெரிந்திருந்தால், அவர்கள் தட்டைத் தள்ளி வைத்திருக்க மாட்டார்கள்.

வட ஐரோப்பாவிலும் நடு ஐரோப்பாவிலும் குளிர்காலம் நீண்டது. நவம்பர் தொடங்கி மார்ச்சு வரை வயலில் பயிர் வளராது. மாடுகளுக்குத் தீவனம் குறையும், பால் வற்றும். குளிர்பதனப் பெட்டி வந்தது நேற்றைய கதை. அதற்கு முன்பெல்லாம் கோடையில் கிடைத்ததைக் கெடாமல் வைத்துக்கொண்டு குளிர்காலத்தைக் கடத்தியாக வேண்டும். கடத்தத் தெரிந்த ஊர் பிழைத்தது. இன்று பயணிகள் வட்டார உணவு என்று தேடிப்போய் உண்பவற்றுள் பல, அப்படிப் பிழைக்கக் கற்றுக்கொண்ட வழிகளே ஆகும்.

உணவைக் கெடுப்பவை நுண்ணுயிர்கள். அவை வாழ நீர் வேண்டும். மிதமான வெப்பம் வேண்டும். அதிகப் புளிப்பு இருக்கக் கூடாது. ஆகவே உணவைக் காக்க நான்கு வழிகள் உண்டு. நீரை வற்றச் செய்யலாம். உப்பிட்டு நீரை நுண்ணுயிர்களுக்கு எட்டாமல் செய்யலாம். அமிலம் உண்டாகும்படி செய்யலாம். தீமை செய்யாத நுண்ணுயிர்களை முன்னதாகவே குடியேற்றி, தீயவற்றுக்கு இடமில்லாமல் செய்யலாம். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு, வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஒரு பயணம் போவோம், வாருங்கள்.

உப்பில்லாத கருவாடு

முதலில் நாம் சேரும் இடம் நார்வே நாட்டின் வடபகுதியிலுள்ள லொஃபோட்டன் தீவுகள். இவை ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே உள்ளன. சனவரி முதல் ஏப்ரல் வரை, பாரன்ட்சுக் கடலிலிருந்து காட் மீன்கள் முட்டையிடுவதற்காகக் கூட்டங்கூட்டமாக இங்கு வருகின்றன. மீனவர்கள் அவற்றைப் பிடித்து, தலையை நீக்கிக் குடலெடுத்து, இரண்டிரண்டாக வாலில் கட்டி, கடலோரத்தில் நிற்கும் மரச்சட்டங்களின் மேல் தொங்கவிடுகிறார்கள். சுமார் மூன்று மாதம் அவை காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். இறக்கும்போது மரக்கட்டை போல் இறுகிப் போயிருக்கும். ஏறத்தாழ ஐந்து கிலோ மீன் ஒரு கிலோவாகச் சுருங்கிவிடும்.

இதைக் கருவாடு என்று சொல்லலாம். ஆனால் நம் ஊர்க் கருவாட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. இதில் ஒரு சிட்டிகை உப்பும் சேர்ப்பதில்லை! உப்பில்லாமல் மீன் அழுகாமல் இருப்பது எப்படி? அங்குள்ள தட்பவெப்பம்தான் காரணம். அவ்வளவு வடக்கே இருந்தும், அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்ப நீரோட்டம் அருகே ஓடுவதால், குளிர்காலத்தின் பிற்பகுதியில் அங்கு வெப்பநிலை பூச்சியம் டிகிரியை ஒட்டியே இருக்கும். இதைவிடக் குளிர்ந்தால் மீனிலுள்ள நீர் பனிக்கட்டியாகித் தசையைக் கிழித்துவிடும். இதைவிட வெப்பமானால் ஈக்கள் மொய்க்கும், பாக்டீரியாக்கள் பெருகும். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய எல்லைக்குள், கடற்காற்று நாள்தோறும் நீரை உறிஞ்சிக்கொண்டே போகிறது.

மீனும் இதற்கு ஏற்றதாக அமைந்துவிட்டது. காட் மீன் தன் கொழுப்பைத் தசையில் சேர்த்து வைப்பதில்லை. ஈரலில் சேர்த்து வைக்கிறது. காட் மீன் ஈரல் எண்ணெய் என்று மருந்துக் கடையில் நீங்கள் பார்த்திருப்பது அந்தக் கொழுப்பே. தசையில் கொழுப்பு இல்லாததால் காற்றுப்பட்டாலும் அது சிக்கு வாடை அடிப்பதில்லை. கொழுப்பு மிகுந்த ஹெர்ரிங் மீனை இப்படித் தொங்கவிட முடியாது. அதற்கு உப்போ புகையோ வேண்டும்.

1431இல் வெனிஸ் நகர வணிகர் பியெத்ரோ குவெரினி, கிரீட் தீவிலிருந்து பிளாண்டர்சுக்கு மது ஏற்றிக்கொண்டு கப்பலில் புறப்பட்டார். புயலில் கப்பல் சிதைந்தது. 1432 சனவரியில், எஞ்சிய சிலர் மட்டும் லொஃபோட்டனின் தென்கோடியிலுள்ள ரொஸ்ட் தீவையடுத்துக் கரை ஒதுங்கினார்கள். தீவு மக்கள் அவர்களைத் தம் வீடுகளில் வைத்துக் காப்பாற்றினார்கள். அங்கு மீனை உப்பின்றி உலர்த்தும் முறையைக் குவெரினி தம் பயணக் குறிப்பில் எழுதி வைத்தார். அவர் மூலமாகவே உலர்மீன் தங்கள் ஊருக்கு வந்தது என்று வெனிஸ் பகுதி மக்கள் இன்றும் சொல்வார்கள். இந்த மீனை நம் பயணத்தின் கடைசியில் மீண்டும் சந்திப்போம்.

கல்லின் கீழே முட்டைக்கோசு

அடுத்து பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையிலுள்ள அல்சாஸ் பகுதி. இதன் தலைநகர் ஸ்ட்ராஸ்பூர். இங்கு எந்த உணவு விடுதிக்குப் போனாலும் 'சூக்ரூட்' என்ற உணவு கிடைக்கும். ஜெர்மானியர் இதைச் 'சாவர்கிராட்' என்பார்கள். இரண்டும் புளிக்க வைத்த முட்டைக்கோசே. அல்சாசில் அதை வெள்ளை மதுவில் வேகவைத்து, புகையூட்டிய பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துப் பரிமாறுகிறார்கள்.

இதைச் செய்யும் முறை எளிது. முட்டைக்கோசை நூல் நூலாகச் சீவி, நூறு பங்குக்கு இரண்டு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாக உப்பிட்டு, பீப்பாயில் அழுத்தி, மேலே பலகையும் கல்லும் வைத்துவிட வேண்டும். உப்பு இலையிலிருந்து சாற்றை வெளியே இழுக்கிறது. அச்சாற்றில் முட்டைக்கோசு முழுவதும் மூழ்கிவிடுவதால் காற்றுப் புகுவதில்லை. கல்லின் வேலை இதுதான்.

பிறகு நடப்பதை ஒரு தொடர் ஓட்டம் எனலாம். இலையில் இயற்கையாகவே இருக்கும் லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாக்கள் முதலில் பெருகுகின்றன. அவை சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றி, கரியமில வாயுவை வெளிவிட்டு, எஞ்சியிருக்கும் காற்றையும் விரட்டுகின்றன. புளிப்பு ஏறியதும் அவற்றாலேயே அங்கு வாழ முடிவதில்லை. அதைவிடப் புளிப்பைத் தாங்கும் லாக்டோபாசில்லஸ் இனம் அடுத்து வந்து வேலையை முடிக்கிறது. சில வாரங்களில் அழுகல் பாக்டீரியா எதுவும் தலைகாட்ட முடியாத அளவுக்குப் புளிப்பு ஏறிவிடுகிறது. பால் தயிராவதும் இதே வகை அமிலத்தால்தான்.

இந்தப் பீப்பாயில் மற்றொரு பொருளும் காப்பாற்றப்படுகிறது. அதுதான் வைட்டமின் சி. காற்றும் வெப்பமும் வைட்டமின் சியை அழிக்கும். புளிப்பு அதைக் காக்கும். பசுங்காய்கறி கிடைக்காத மாதங்களில் ஈறு வீங்கி, பல் ஆடி, பழைய காயம் மீண்டும் வாய்திறந்து உயிரைக் குடிக்கும் ஸ்கர்வி நோய்க்கு இது ஒரு தடை. 1747இல் ஜேம்ஸ் லிண்டு என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவர்களே விரைவில் தேறினார்கள்.

1768இல் எண்டெவர் கப்பலில் புறப்பட்ட காப்டன் குக், பீப்பாய் பீப்பாயாகச் சாவர்கிராட்டை ஏற்றிச் சென்றார். மாலுமிகள் முதலில் அதைத் தொடவில்லை. குக் கட்டாயப்படுத்தவில்லை. அதிகாரிகளின் மேசையில் நாள்தோறும் அதை வைக்கச் செய்து, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பெரியவர்கள் உண்பதைக் கண்டதும் எல்லாரும் கேட்கத் தொடங்கினார்கள். கடைசியில் அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று! கரை சேர்ந்த இடமெல்லாம் கீரைகளைப் பறிக்கச் செய்ததும் அப்பயணத்தில் ஸ்கர்வி அடங்கியதற்கு முக்கிய காரணம் என்று இன்று கருதப்படுகிறது.

அந்தப் பொருள் இன்னதென்று தெரிய இன்னும் நெடுநாள் ஆயிற்று. 1930களின் தொடக்கத்தில், ஹங்கேரியின் செகெட் நகரில் ஆல்பெர்ட் செண்ட்-கியோர்கி என்ற அறிவியலார், உள்ளூர்ச் சிவப்பு மிளகாயான பாப்ரிக்காவிலிருந்து வைட்டமின் சியை ஏராளமாகப் பிரித்தெடுத்தார். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செகெட் பக்கம் போக நேர்ந்தால், அந்த மிளகாய்த்தூள் இட்டுச் சிவக்கக் காய்ச்சும் ஆற்றுமீன் குழம்பைக் கேட்டு வாங்கி உண்ணுங்கள். நம் நாக்குக்கும் ஒத்துப்போகும்.

சாசேஜில் ஒளிந்திருந்த நஞ்சு

அல்சாசிலிருந்து ரைன் ஆற்றைக் கடந்து கிழக்கே போனால் ஜெர்மனியின் வியூர்ட்டம்பெர்க் பகுதி வரும். இங்குள்ள மக்கள் விரும்பி உண்பது, வேகவைத்த பயறும் 'ஷ்பெட்ஸ்லே' என்ற மாவுத் துணுக்குகளும் சாசேஜும் சேர்ந்த உணவு. சாசேஜ் என்பது இறைச்சியைக் கொத்தி, மசாலை சேர்த்து, குடலுக்குள் திணித்துச் செய்வது. புகையூட்டினால் பல நாள் இருக்கும். ஆனால் ஒரு வழி தவறினால் என்ன நேரும் என்பதையும் இந்த ஊரிலேயே கற்றுக்கொள்ளலாம்.

நெப்போலியன் போர்களை ஒட்டிய வறுமைக் காலத்தில் இங்கு ஒரு விந்தையான நோய் பரவியது. நோய் கண்டவருக்குப் பார்வை இரட்டையாகும், இமை தொங்கும், விழுங்க முடியாது, அறிவு தெளிவாக இருக்கும்போதே மூச்சு நின்றுவிடும். யூஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, 1820இலும் 1822இலும் நூல்களாக வெளியிட்டார். கெட்டுப்போன சாசேஜிலிருந்து எடுத்த சாற்றைத் தாமே சிறிது உட்கொண்டும் பார்த்தார். காற்றுப் புகாத இடத்தில்தான் இந்த நஞ்சு உண்டாகிறது, அது நரம்புகள் தசைகளை இயக்குவதைத் தடுக்கிறது என்று கண்டறிந்தார். சாசேஜுக்கு லத்தீன் மொழியில் 'பொட்டுலுஸ்' என்று பெயர். நோய்க்குப் பொட்டுலிசம் என்று பெயராயிற்று.

நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் எர்மெங்கம். 1895இல் எல்லெசெல் என்ற கிராமத்தில், ஓர் இறுதிச் சடங்குக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றித்தொடை இறைச்சியை உண்டு நோயுற்றார்கள்; மூவர் இறந்தனர். அந்த இறைச்சியிலிருந்தே அவர் அதைப் பிரித்தெடுத்தார். இந்தப் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்பில்லாத, உப்புக் குறைந்த இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சைக் கக்கும். முட்டைக்கோசுப் பீப்பாயிலும் காற்று இல்லை. ஆனால் அங்கு புளிப்பு இருக்கிறது. அதனால் அங்கு இவற்றால் வளர முடியாது. கல், உப்பு, புளிப்பு என்ற மூன்றில் ஒன்றைக் கைவிட்டாலும் என்ன ஆகும் என்று இப்போது புரிகிறதல்லவா?

குகையில் பழுக்கும் பாலாடைக்கட்டி

இனித் தெற்கே திரும்பி, பிரான்சின் தென்பகுதியிலுள்ள ரோக்ஃபோர் என்ற சிற்றூருக்குப் போவோம். கொம்பலு என்ற சுண்ணாம்புக்கல் மலையின் சரிவில் அது இருக்கிறது. மலையின் ஒரு பகுதி பண்டைக் காலத்தில் சரிந்தபோது உள்ளே குகைகள் உண்டாயின. பாறை வெடிப்புகள் வழியாகக் குளிர்ந்த ஈரக்காற்று இடைவிடாமல் அவற்றுள் வீசுகிறது. ஆண்டு முழுவதும் வெப்பநிலை சுமார் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரையே இருக்கும்.

செம்மறியாட்டுப் பாலில் செய்த பாலாடைக்கட்டியை இக்குகைகளில் வைத்துப் பழுக்க வைக்கிறார்கள். அதனுள் வளர்வது பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்ற நீலப் பூஞ்சணம். முன்பெல்லாம் ரை என்னும் தானிய மாவில் சுட்ட ரொட்டியைக் குகையில் வைத்துப் பூசணம் பிடிக்கச் செய்து, அதைப் பொடித்துக் கட்டியில் கலப்பார்கள். பூஞ்சணத்துக்குக் காற்று வேண்டும். ஆகவே நீண்ட ஊசிகளால் கட்டியில் துளைகள் இடுகிறார்கள். துளைகளின் வழியே நீல நரம்புகள் படர்கின்றன. பூஞ்சணத்தின் நொதிகள் கொழுப்பை உடைக்கும்போது எழுவதுதான், பலர் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் அந்த வாடை. பூசணம் பிடித்த உணவையெல்லாம் உண்ணலாம் என்று இதற்குப் பொருள் அல்ல. இங்கே எந்தப் பூஞ்சணம், எவ்வளவு உப்பு, எவ்வளவு குளிர் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துத் தேர்ந்தவை. 1411லேயே பிரெஞ்சு மன்னர் ஆறாம் சார்லசு, இந்த ஊர்க் குகைகளில் பழுக்க வைக்கும் உரிமையை அவ்வூராருக்கே அளித்தார். 1925 முதல் அப்பெயரைச் சட்டமும் காக்கிறது.

மரக்கறி உணவினர் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. இந்தக் கட்டிக்குப் பாலை உறையவைக்கப் பயன்படும் ரென்னெட், இளங்குட்டிகளின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது.

மக்காச்சோளக் களியும் சொரசொரத்த தோலும்

நம் பயணத்தின் கடைசி நாடு இத்தாலி. ஆல்ப்சு மலையின் தெற்கே, வெனிஸ், லொம்பார்டிப் பகுதிகளில் 'பொலெந்தா' என்பது அன்றாட உணவு. மக்காச்சோள ரவையைக் கொதிநீரில் கொட்டி, முக்கால் மணி நேரம் கிளறி இறக்கும் களி அது. செம்புப் பாத்திரத்திலிருந்து பலகையில் கவிழ்த்தால் பொன்னிறமாக மின்னும். ஆறியதும் நூலால் துண்டு போடலாம். நம் களியை உண்டு பழகியவருக்கு இது அயல் உணவாகவே தோன்றாது.

ஆனால் இதுவரை கண்ட உணவுகளுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மக்காச்சோளம் ஐரோப்பாவுக்கு உரியதன்று. கொலம்பசின் பயணங்களுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தது. விளைச்சல் மிகுதி என்பதால் வட இத்தாலியில் விரைவில் பரவியது. பண்ணையார்கள் கோதுமையை விற்றார்கள். உழவர்கள் பொலெந்தாவை உண்டார்கள். காலையும் பகலும் இரவும் அதுவே. பாலுக்கும் மீனுக்கும் அவர்களிடம் காசு இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த ஏழைகளிடையே ஒரு நோய் தோன்றியது. வெயில் பட்ட இடத்தில் தோல் சிவந்து, வெடித்து, சொரசொரப்பாகும். பிறகு வயிற்றுப்போக்கு, பிறகு மனக்கலக்கம், முடிவில் மரணம். ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் 1735லேயே இதைக் கண்டு எழுதியிருந்தார். 1771இல் மிலான் நகர மருத்துவர் ஃபிரப்போலி, சொரசொரத்த தோல் என்ற பொருளில் பெல்லாக்ரா என்று பெயரிட்டார். 1881இல் எடுத்த கணக்கின்படி இத்தாலியில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயால் துன்புற்றனர். மனநோய் விடுதிகள் பல இவர்களால் நிரம்பின.

கெட்டுப்போன மக்காச்சோளம் காரணம் என்றார்கள் சிலர். தொற்றுநோய் என்றார்கள் வேறு சிலர். 1914 முதல் அமெரிக்காவில் இதை ஆராய்ந்த ஜோசப் கோல்டுபெர்கர், இது உணவுக் குறையால் வருவது என்று காட்டினார். குறைந்த பொருள் நியாசின் என்ற வைட்டமின் என்பது 1937இல் எல்வேயம் என்பவரின் ஆய்வால் தெளிவாயிற்று. மக்காச்சோளத்தில் நியாசின் இல்லாமல் இல்லை. ஆனால் வேறு பொருள்களுடன் பிணைந்திருப்பதால் நம் குடலால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. நியாசினை உடலே செய்துகொள்ள உதவும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலமும் மக்காச்சோளத்தில் குறைவு.

அப்படியானால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்காச்சோளத்தையே உண்ட மெக்சிகோ மக்கள் எப்படிப் பிழைத்தார்கள்? அங்கே பெண்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊற வைத்து, தோலைக் கசக்கி நீக்கிய பிறகே அரைப்பார்கள். அந்தக் காரம் பிணைப்பை அவிழ்த்து நியாசினை விடுவிக்கிறது. வைட்டமின் என்ற சொல்லையே அறியாதவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் பக்குவத்தை அறிந்திருந்தார்கள். கப்பலில் தானியம் வந்தது. சுண்ணாம்புப் பானை வரவில்லை. ஒரு சமையல் குறிப்பு விடுபட்டதற்கு வட இத்தாலியின் ஏழைகள் கொடுத்த விலையைப் பாருங்கள்!

ஒரே தட்டில் இரண்டு பயணங்கள்

வெனிசுக்கு மேற்கே வீச்சென்சா என்ற நகரம் இருக்கிறது. அங்கு புகழ்பெற்ற உணவு 'பக்கலா அல்லா வீச்செந்தீனா'. நாம் லொஃபோட்டனில் பார்த்த அதே உலர்மீனை அடித்து மென்மையாக்கி, நீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, வெங்காயம், ஆலிவ் எண்ணெய், பால், பாலாடைக்கட்டித் தூள் சேர்த்து, சிறு தீயில் நான்கு மணி நேரத்துக்கும் மேலாகக் கிளறாமல் வேகவைக்கிறார்கள். அதைத் தனியாக உண்பதில்லை. பக்கத்தில் பொலெந்தா வைத்தே தருவார்கள்.

அந்தத் தட்டைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் பக்குவத்தோடு பயணம் செய்த மீன். மறுபக்கம் பக்குவத்தை விட்டுவிட்டுப் பயணம் செய்த தானியம். மீனில் நியாசினும் டிரிப்டோஃபேனும், பாலிலும் பாலாடைக்கட்டியிலும் டிரிப்டோஃபேனும் நிறைய உண்டு. பொலெந்தாவுக்கு எது குறையோ, அது அதன் அருகிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் இவை இரண்டும் சேர்ந்த தட்டு கிடைத்தவர்களுக்குப் பெல்லாக்ரா வரவில்லை. களி மட்டுமே கிடைத்தவர்களுக்கு வந்தது. அறிவுக் குறையோடு வறுமையும் சேர்ந்தே அந்நோயை உண்டாக்கியது என்பதை நாம் மறக்கலாகாது. நம் நாட்டிலும், தக்காணத்தில் சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த ஏழைகளிடம் இந்நோய் காணப்பட்டது; ஐதராபாத்திலுள்ள ஊட்டவியல் ஆய்வு நிலையத்தில் கோபாலனும் அவருடைய குழுவினரும் அதை ஆராய்ந்தார்கள்.

நீங்கள் என்றேனும் ஐரோப்பாவுக்குப் போனால் இந்த ஊர்களின் உணவுகளைச் சுவைத்துப் பாருங்கள். பிடிக்காமல் போகலாம், தவறில்லை. ஆனால் தட்டைத் தள்ளுமுன், இதை ஏன் உப்பிட்டார்கள், ஏன் புளிக்க வைத்தார்கள், எதனோடு சேர்த்து உண்கிறார்கள் என்று பரிமாறுபவரைக் கேளுங்கள். அவருக்கு விடை தெரியாவிட்டாலும், அவருடைய பாட்டிக்குத் தெரிந்திருக்கும்.